சென்னியப்பா, டிவி போடு

ஏனுங்க தம்பி, சித்த உள்ள தள்ளி உக்காருங்க. இந்தப் பையை நான் மடியிலயே வெச்சுக்கறனுங்க, கீழ வெக்க முடியாது, உள்ள மைக்கு இருக்குது. கச்சேரி மைக்கு இல்லீங்க. சுண்டுவெரல் அளவுதான், டிவிக்கு மாட்டறது. நீங்க எதுவரைக்கும்? உடுமலையா? அட, நானும் அங்கதானுங்க. ரெண்டு மணி நேரம் இருக்குது, பேசிட்டே போயிரலாம்.

என்ற ஊட்டுக்காரியக் கூட்டிட்டு வரப் போறனுங்க. அவ அண்ணன் ஊட்டுல இருக்கறா. இன்னையோட இருவத்திரண்டு நாளாச்சு. கால்ல மாவுக்கட்டு, அதுக்குத்தான் போனா. ஆனா பாருங்க, கட்டுப் போட்ட காலு எங்க இருந்தாலும் கூடற நாள்லதான கூடும்? நம்ம ஊட்டுல இருந்தாக் கூடாதுன்னு எதாச்சும் சட்டம் இருக்குதுங்களா? எப்ப வர்றேன்னு கேட்டா, 'பாக்கலாமுங்க'ங்கறா. முப்பத்தாறு வருசத்துல அவ 'பாக்கலாமுங்க'ன்னு சொன்னது ஒண்ணுகூட நடந்ததில்லீங்க. அதுதான் நெம்ப வெசனமா இருக்குது. இன்னைக்கு எப்பிடியும் கையோட கூட்டிட்டு வந்துரோணும்.

என்ற பேரு சென்னியப்பனுங்க. பீளமேட்டுப் பக்கம் ஒரு மில்லுல எலக்ட்ரிகல் ஃபோர்மேனா இருந்தேன். ரிட்டையர் ஆகி நாலு வருசமாச்சு. மில்லுல எனக்குன்னு ஒரு பேரு இருந்துச்சுங்க. அத்தனை மிஷினு ஓடற எரைச்சல்ல, எந்த மோட்டார்ல பேரிங்கு தேஞ்சிருக்குதுன்னு தூரத்துல நின்னே சொல்லிருவேன். காது அப்பிடி.

ரிட்டையர் ஆனவன் சும்மா இருக்க முடியுமுங்களா? ஹால்ல டிவிக்கு ஒரு கம்ப்யூட்டரு போட்டேன். ஏதோ ஆபீசுல கழிச்சு விட்டது, டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். படம், பாட்டு, மக கல்யாண வீடியோ, பேரன் போட்டோ, எல்லாத்தையும் அதுக்குள்ள ஏத்திட்டேன். சித்திரை நோம்பிக்கு ஓசூர்ல இருந்து மகளும் மாப்பிள்ளையும் வந்தாங்க. டீப்பாய் மேல கீபோர்டும் மவுசும் கெடந்துச்சுங்க. மாப்பிள்ளை பாத்துட்டு, 'ஏனுங்க மாமா, ஹாலு பத்திரம் பதியற ஆபீசாட்ட இருக்குது'ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. பரவாயில்லீங்க. சமையக்கட்டுக்குள்ள இருந்து என்ற ஊட்டுக்காரியும் சிரிச்சா பாருங்க, அதுதான் எனக்குச் சுருக்குன்னு பட்டுச்சு.

அன்னைக்கே முடிவு பண்ணுனேன். இனிமே இந்த ஹாலுக்குள்ள கீபோர்டும் வரக் கூடாது, மவுசும் வரக் கூடாது. கம்ப்யூட்டர ஷோகேஸுக்குப் பின்னால ஒளிச்சேன். ஏதாச்சும் மாத்தோணும்னா மாடி ரூம்பு கம்ப்யூட்டர்ல இருந்தே மாத்திக்கறது. டிவி ரிமோட்டையும் எடுத்து பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன். ஏன்னா ரிமோட்டு இருந்தா மனுசன் அதைத்தான் தேடுவான். பழக்கத்த மாத்தோணும்னா மொதல்ல பழசத் தூக்கி மறைச்சிரோணும். மில்லுலயும் நாங்க அப்பிடித்தான் பண்ணுவோம்.

மொதல்ல கையில ஓட வெச்சேன். டிவி மேல ஒரு கேமரா. உள்ளங்கையக் காட்டுனா நிக்கும், வலது பக்கம் வீசுனா அடுத்தது, மேல தூக்குனா சத்தம் கூடும், ரெண்டு கையும் ஒண்ணாத் தூக்குனா அணைஞ்சிரும். எனக்கு அப்பிடியே ஓடுச்சுங்க. அவளுக்குத்தான் சேரல. பொம்பளைங்க கை சும்மா இருக்குதுங்களா? சீலை மடிப்பா, சேனல் பறக்கும். தலை சீவக் கையத் தூக்குனா சத்தம் நூத்துக்குப் போயி எதுத்த ஊட்டு நாய் குரைக்கும். டிவிக்குப் பக்கத்துலதான் சாமி படம். பொழுதோட வெளக்கு வெச்சு ரெண்டு கையும் தூக்கிக் கும்பிட்டாள்னா, பட்டுன்னு டிவி அணைஞ்சிரும். 'சாமிக்கே புடிக்கலையாட்ட இருக்குதுங்க'ன்னு சொல்லுவா. அவளுக்கு அப்பிடிக் கிண்டல் ஜாஸ்திங்க.

ஆனா சீக்கிரமே பழகிட்டா. ரெண்டு கையையும் சீலைத் தலைப்புக்குள்ள சுருட்டிட்டு, சோபாவுல அசையாம உக்காந்து பாப்பா. கொசு கடிச்சாலும் அடிக்க மாட்டா. எனக்கு நெம்பச் சந்தோசம். பக்கத்து ஊட்டு ரத்தினாக்காகிட்டச் சொன்னேன், பாருங்க, மிஷினு ஒரு மனுசியை எவ்வளவு அமைதியாக்கிருச்சுன்னு. அந்தக்கா முறத்த எடுத்துட்டு உள்ள போயிருச்சு. பொறாமையா இருக்குமுங்க.

ஒரு நா அவளே கேட்டா. 'ஏனுங்க, கைய ஆட்டாமப் பாக்கற மாதர எதாச்சும் பண்ண முடியாதுங்களா?'ன்னு. ரிமோட்டத்தான் கேட்டாளாட்ட இருக்குது. நான் அதுக்கு மேல யோசிச்சேன். கையே வேண்டாம், வாயில சொன்னாப் போதும்னு பண்ணிட்டா என்ன?

இங்கதானுங்க விசயமே இருக்குது. வாயில சொன்னாக் கேக்கற மிஷினுக்கு ஒரு பேரு வெக்கோணும். அந்தப் பேரைச் சொன்னாத்தான் அது முழிச்சுக்கும், முழிச்சுட்டு அடுத்து என்ன சொல்றோம்னு கேக்கும். நான் மொதல்ல 'கண்ணு'ன்னு வெச்சேன். அட கெரகமே! நம்ம பக்கம் யாரத்தான் கண்ணுன்னு கூப்பிடாம இருக்கறோம்? பால்காரன் கண்ணும்பான், ரத்தினாக்கா கண்ணும்பா, ஃபோன்ல மக பேசுனா நூறு கண்ணு. டிவி நாள் பூராத் திடுக்கு திடுக்குன்னு முழிச்சுட்டே கெடந்துச்சு. அப்புறம் 'ராசா'. அதுவும் அப்பிடித்தான். அப்பறம்தான் ஃபோர்மேன் மூளை வேலை செஞ்சுது. இந்த ஊட்டுக்குள்ள யாருமே, எப்பவுமே, தவறிக்கூடச் சொல்லாத ஒரு பேரு வேணும். அது எது? சொல்லுங்க பாப்பம்.

என்ற பேருதானுங்க!

எங்கம்மா இருந்த வரைக்கும் 'தம்பி'தான். மகளுக்கு 'அப்பா'. மாப்பிள்ளைக்கு 'மாமா'. இவளுக்கு 'ஏனுங்க'. கல்யாணமாகி முப்பத்தாறு வருசத்துல அவ வாயில என்ற பேரு வந்ததே இல்லீங்க. ரேசன் கடையில ஊட்டுக்காரர் பேரு என்னன்னு கேட்டா, கார்டத் திருப்பிக் காட்டுவா. மக பொறந்தப்ப ஆசுபத்திரில நர்சு கேட்டிருக்குது, 'அவரே வருவாருங்க, அவருகிட்டயே கேட்டுக்கங்க'ன்னு சொல்லிட்டா. எங்க குலசாமி கோயிலு சென்னிமலைப் பக்கமுங்க. அந்த ஊரு பேருகூட அவ சொல்ல மாட்டா, அதுல என்ற பேரு ஒட்டிட்டு இருக்குதுல்ல! கண்டக்டர்கிட்ட, 'பெட்சீட்டு நெய்யற ஊருக்கு ரெண்டு டிக்கெட்டுக் குடுங்க'ம்பா. அவனும் குடுத்துருவான். அந்தச் சாமி பேருலயும் 'சென்னி' இருக்கறதால, மலை மேல நின்னு கும்பிட்டாலும் 'முருகா'ன்னுதான் கூப்பிடுவாளே தவிர அதைத் தாண்ட மாட்டா. எனக்கு உள்ளுக்குள்ள பெருமைதானுங்க, பொய் சொல்லக் கூடாது.

அப்ப யோசிச்சுப் பாருங்க, மிஷினுக்கு இதை விட ஒசந்த பேரு கெடைக்குமுங்களா? தப்பா முழிச்சுக்கவே முழிச்சுக்காது. 'சென்னியப்பா'ன்னு வெச்சுட்டேன்.

அதுக்குக் குரல் பழக்கோணுமுங்க. மாடி ரூம்புல உக்காந்து முன்னூத்தம்பது தடவை சொன்னேன். மெதுவா, வேகமா, சளி புடிச்ச மாதர, கோவமா. சென்னியப்பா! சென்னியப்பா! எதுத்த ஊட்டுக்காரரு காம்பவுண்டுக்கு வந்து, 'ஏனுங்க, யாரையோ ரெண்டு நாளாக் கூப்பிட்டுட்டே இருக்கறீங்களே, இன்னும் வரலையா'ன்னாரு. என்னையத்தானுங்க கூப்பிடறேன்னு சொன்னேன். அவரு உள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டாரு.

மைக்கு மூணு எடத்துல மாட்டுனேன். ஹால்ல ஒண்ணு, சமையக்கட்டு வாசல்ல ஒண்ணு, பின்னால தொவைக்கற கல்லுக்கு மேல ஒண்ணு. தொவைச்சுக்கிட்டே அவ பாட்டுக் கேக்கலாமில்லீங்களா? இம்புட்டும் அவளுக்காகத்தானுங்க.

எல்லாம் முடிச்சு அவள சோபாவுல உக்கார வெச்சேன். 'இந்தா புள்ள, இனி நீ கையவே தூக்க வேண்டாம். சென்னியப்பா, டிவி போடுன்னு சொல்லு, அது பாட்டுக்குப் போடும்'னேன். அவ என்னையப் பாத்தா. டிவியப் பாத்தா. வாயத் தொறந்தா. மூஞ்சி செவந்து போச்சு. சீலைத் தலைப்ப வாயில வெச்சுட்டுச் சிரிக்கறா. 'நானெப்பிடிங்க அதைச் சொல்றது?'ங்கறா. 'அது மிஷின் பேரு புள்ள, எம்பேரு இல்ல'ன்னு வெளக்குனேன். 'அப்ப மிஷினுக்கு வேற பேரு வெச்சுருங்க'ன்னா. இத்தனை கஷ்டப்பட்டுப் பழக்கியிருக்கறேன், வேற பேராம்! 'வேண்டாமுங்க, அந்த ரிமோட்டையாச்சும் குடுத்துருங்க'ன்னா. எனக்குக் கோவம் வந்துருச்சு. ஒலகம் எங்க போயிட்டு இருக்குது, நீ இன்னும் ரிமோட்டையே புடிச்சுத் தொங்கறயேன்னு கொஞ்சம் சத்தமாத்தான் கேட்டுட்டேன்.

அதுக்கப்புறம் அவ ரிமோட்டுக் கேக்கவே இல்லீங்க. புரிஞ்சுக்கிட்டா. அஞ்சரைக்கு அவ பாக்கற சீரியல் வரும், அந்த நேரத்துக்கு ரத்தினாக்கா ஊட்டுக்குப் போயிப் பாத்துட்டு வந்துருவா. நாலு பேரோட பழகறதும் நல்லதுதான? நான் ஹால்ல உக்காந்து 'சென்னியப்பா, செய்தி போடு'ம்பேன். போடும். 'சென்னியப்பா, சத்தத்தக் கொறை'ம்பேன். கொறைக்கும். ஒரு நா அவ சமையக்கட்டுல இருந்து எட்டிப் பாத்து, 'யாருங்க வந்திருக்கறாங்க, காபி வெக்கட்டுமா'ன்னா. யாருமில்ல புள்ள, டிவிகூடத்தான் பேசறேன்னேன். 'நெம்ப நாளைக்கப்பறம் நீங்க பேசற சத்தம் கேட்டுச்சு, அதுதான் கேட்டேன்'னு சொல்லிட்டு உள்ள போயிட்டா.

கிணத்துக்கடவு தாண்டிருச்சுங்களா? நல்லாத்தான் ஓட்டறான்.

காலு எப்பிடிப் பிசகுச்சுன்னா, அது ஒரு சனிக்கிழமைங்க. மத்தியானம் சாப்பிட்டுட்டு நான் மாடிக்குப் போயிட்டேன். பெரிய ஹெட்போன மாட்டிட்டு வேலையா இருந்தேன். ஆறு மணிக்குக் காபி குடிக்கலாம்னு எறங்கி வந்தா ஊட்டுல ஆளக் காணோம். அடுப்பும் அணைஞ்சு கெடக்குது. சீரியல் முடிஞ்சும் இன்னும் வராம அங்க என்ன பேச்சுன்னு நெனைச்சுட்டு, டிவி போட்டு உக்காந்தேன். ஆறரைக்கு ரத்தினாக்கா ஃபோன் பண்ணுது. தொவைக்கற கல்லுக்கிட்ட இவ வழுக்கி விழுந்து கெடந்திருக்கறா. அஞ்சரைக்கு சீரியலுக்கு ஆளு வரலையேன்னு அந்தக்கா பின்பக்கமா எட்டிப் பாத்துத் தூக்கிவிட்டு, ஆட்டோ வெச்சு ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்குது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லோணுமா வேண்டாமா? கேட்டா, 'கதவத் தட்டுனேன், கூப்பிட்டேன், நீங்க எறங்கல'ங்குது. ஹெட்போன் போட்டிருக்கறவனுக்கு எப்பிடிங்க கேக்கும்?

நான் போய்ச் சேர்றதுக்குள்ள கணுக்கால்ல கட்டுப் போட்டு முடிச்சுட்டாங்க. அவ என்னையப் பாத்துட்டு, 'காபி குடிச்சீங்களா'ன்னு மட்டும் கேட்டா. எவ்வளவு அக்கறை பாருங்க. அதுக்குள்ள அவ அண்ணன் அங்கமுத்து மச்சான் காரு புடிச்சு வந்துட்டாரு. ஆசுபத்திரில இருந்தே உடுமலைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. நம்ம ஊட்டுக்கு வந்து ஒரு மாத்துத் துணிகூட எடுக்கல. எல்லாம் ரத்தினாக்காதான் பையில போட்டு அனுப்புச்சு.

போன வாரம் ஃபோன் பண்ணி, தையல் மிஷின டெம்போல ஏத்தி அனுப்பச் சொன்னா. கட்டுப் போட்ட காலோட சும்மா உக்காந்திருக்க முடியலையாட்ட இருக்குதுன்னு அனுப்பி வெச்சேன். அப்பறம் அவ கண்ணாடி, பேங்கு புஸ்தகம், ஆதார் கார்டு. எதையும் அவ மறக்க மாட்டா, அப்பிடிப் பொறுப்பு. ஏனுங்க, நீங்க ஏன் என்னைய அப்பிடிப் பாக்கறீங்க?

சரி விடுங்க, இப்பத்தான் சந்தோசமான விசயமே வருது. யாருகிட்டயும் சொல்லல, உங்ககிட்டத்தான் சொல்றேன். மிஷினுக்கு ஒரு பழக்கம் இருக்குது. அதோட பேரு மாதரயே ஒரு சத்தம் கேட்டு, ஆனா அது பழகாத குரலா இருந்துதுன்னா, முழிச்சுக்காது. ஆனா அந்தச் சத்தத்தத் துண்டாப் புடிச்சு வெச்சுக்கும். பின்னால நாம பாத்துச் சரி பண்றதுக்கு. நான் பத்து நாளைக்கு முன்னால அதைத் தொறந்து பாக்கறேன், பதினேழு துண்டு கெடக்குது. ஒண்ணப் போட்டேன். தம்பி, எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப் போச்சுங்க.

அவ குரலு! 'சென்னியப்பா'ங்கறா!

முப்பத்தாறு வருசத்துல கேக்காத பேர, ஒண்ணு இல்ல, பதினேழு தடவை சொல்லியிருக்கறா. நானில்லாத சமயம் பாத்துத் திருட்டுத்தனமாச் சொல்லிப் பாத்திருக்கறா கள்ளி! எனக்கு முன்னால வெக்கம், மிஷினுகிட்ட என்ன வெக்கம்? நாலு பத்துக்கு ஆரம்பிச்சு அஞ்சு இருவது வரைக்கும் விடாமக் கூப்பிட்டிருக்கறா. அவ்வளவு ஆசை டிவி மேல. பாவம், மிஷினு என்ற குரல மட்டும்தான் பழகியிருக்குதுன்னு அவளுக்குத் தெரியாது. எனக்கே அப்பத்தான் ஒறைச்சுது. அவ சொல்லியிருந்தாலும் அது போட்டிருக்காது.

அதுலயும் ஒரு தமாசு கேளுங்க. கடைசித் துண்டுகள்ல பேருக்குப் பின்னாலயே 'ஏனுங்க, சித்த வாங்க, வாங்க'ங்கறா. டிவிய எங்கீங்க வரச் சொல்றது? 'போடு'ன்னு சொல்லோணும்னு எத்தனை தடவை படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கறேன். என்ற பேரு இருக்கறதால அதுக்கும் மரியாதை குடுத்து வாங்க போங்கன்னு பேசியிருக்கறா. நான் சிரிச்ச சிரிப்பு இருக்குதே! காலைல எந்திரிச்சதும் ஒருக்கா போட்டுக் கேப்பேன், காபிக்கு ஒருக்கா, படுக்கப் போறப்ப ஒருக்கா. சும்மா சொல்லக் கூடாது, என்ற பேரு அவ வாயில நல்லாத்தான் இருக்குது.

அந்தப் பதினேழையும் போட்டு மிஷின மறுபடியும் பழக்கிட்டேன். இனி அவ கூப்பிட்டாலும் முழிச்சுக்கும். இதை நேர்ல சொல்லி அவ மூஞ்சி போற போக்கப் பாக்கோணும்னுதான் ஃபோன்ல மூச்சுக் காட்டல. ஒரே ஒரு கொறை, போகப் போகக் குரல் மங்கிட்டே போகுதுங்க. மொதத் துண்டு கணீர்னு இருக்குது, பதினேழாவது முனகற மாதர இருக்குது. மைக்குல ஏதோ பழுது. அதுக்குத்தான் புது மைக்கு வாங்கியிருக்கறேன், இந்தப் பையில இருக்கறது. அவகிட்டக் காட்டோணும், உனக்காக எவ்வளவு பண்றேன் பாருன்னு.

இந்தாங்க, ஃபோன்லயும் போட்டு வெச்சிருக்கறேன். காதுல வெச்சுக் கேளுங்க. பஸ்ஸு எரைச்சலா இருக்குது, நல்லா ஒட்டி வெச்சுக்கங்க. எப்பிடி? 

ஏனுங்க, புடிக்கலையா? கடைசித் துண்டையும் கேளுங்க, அதுலதான் 'வாங்க' வருது.

என்னுங்க கேட்டீங்க? எந்த மைக்குலயா? மூணுல எதுன்னு மிஷினே குறிச்சு வெக்குமுங்க. இருங்க, மூணாவது. பின்னால இருக்கறது, தொவைக்கற கல்லு மைக்கு. ஆமா, அங்க நின்னுதான் கூப்பிட்டிருக்கறா. நாள்? சனிக்கிழமைதான். கால் பிசகுன அதே சனிக்கிழமை. விழுகறதுக்கு முந்தி ஒரு தடவை சொல்லிப் பாத்திருப்பா, அப்பறம் தண்ணில காலு வெச்சு…

எத்தனை மணிக்கு விழுந்தாளா? அது தெரியாதுங்களே. நான் கேக்கல. ரத்தினாக்கா பாத்தது அஞ்சரைக்கு. அஞ்சு இருவது வரைக்கும் இவ டிவியக் கூப்பிட்டிருக்கறா, அப்ப அதுக்கப்பறம்…

இருங்க தம்பி.

அந்த ஃபோனக் குடுங்க. இல்ல, நீங்களே வெச்சுக்கங்க, எனக்கு வேண்டாம். அதை நிறுத்துங்க.

தொவைக்கற கல்லுக்கிட்ட நின்னு ஒரு மணி நேரம் யாருங்க டிவியக் கூப்பிடுவா? அங்க இருந்து டிவியே தெரியாது.

பொள்ளாச்சியா இது? ஏறட்டும், எல்லாரும் ஏறட்டும். எனக்கு ஒண்ணுமில்ல, தண்ணி வேண்டாமுங்க.

ஹெட்போன் மாட்டியிருந்தேன்னு சொன்னனுங்கல்ல. என்ன கேட்டுட்டு இருந்தேன்னு உங்ககிட்டச் சொல்லல. என்ற குரலத்தானுங்க. முன்னூத்தம்பது தடவை சொன்னதுல எது ஒசத்தின்னு ஒவ்வொண்ணாப் போட்டுக் கேட்டுட்டு இருந்தேன். காதுக்குள்ள நான் சென்னியப்பா சென்னியப்பாங்கறேன். கீழ ஈரத் தரையில கெடந்துட்டு அவளும் அதையேதான் சொல்லியிருக்கறா. எனக்கு எங்குரலு மட்டும்தான் கேட்டுச்சு.

பதினேழு தடவைங்க. அது பேரு வந்த சத்தம் மட்டும். பேரில்லாம வெறும் 'ஏனுங்க'ன்னு கூப்பிட்டத மிஷினு புடிச்சு வெக்காது, அது எத்தனை தடவையோ யாருக்குத் தெரியும். மொதல்ல அப்பிடித்தான கூப்பிட்டிருப்பா? ஏனுங்க, ஏனுங்கன்னு கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்துட்டு, வலி பொறுக்க முடியாம, வேற வழியே இல்லாமத்தான் பேர எடுத்திருக்கறா. ரேசன் கடையில சொல்லாதவ. புள்ளப் பெத்த ஆசுபத்திரில சொல்லாதவ. அந்தப் பேரச் சொன்னாலாவது இந்த மனுசன் வருவான்னு நெனைச்சிருக்கறா. அதை நான் பத்து நாளாக் காபிக்கு ஒருக்காப் போட்டுக் கேட்டுச் சிரிச்சுட்டு இருந்திருக்கறேன். நானெல்லாம் ஒரு மனுசனா?

மைக்குல பழுதாம். அட கெரகமே, மைக்குல பழுதாம்!

இல்லீங்க, ஆறுதல் சொல்லாதீங்க. நீங்க நல்ல மனுசன், பேசாம இருங்க. அவ என்கிட்ட ஒண்ணும் கேக்கல தம்பி. ஏன் வரலைன்னு ஒரு வார்த்தை கேக்கல. காபி குடிச்சீங்களான்னு கேட்டா. அவளுக்குத் தெரிஞ்சிருக்குது, நான் ஊட்டுலதான் இருந்தேன், அவ கூப்பிட்டா, நான் வரல, அவ்வளவுதான். அதுக்கப்பறம் தையல் மிஷினக் கேட்டிருக்கறா, ஆதார் கார்டக் கேட்டிருக்கறா. நான் துணி போட்டு மூடி, கயிறு கட்டி அனுப்பி வெச்சிருக்கறேன்.

உடுமலை வருதாட்ட இருக்குது, வெளக்குத் தெரியுது. பைய எடுக்கறேன், நகந்துக்கங்க. கூட்டிட்டு வரப் போறேன்னு ஏறுனப்பச் சொன்னனுங்கல்ல? அதை எந்த மூஞ்சிய வெச்சுட்டுக் கேக்கறது? வருவாளா மாட்டாளாங்கறது இனி அவ பாடு. சித்த வாங்கன்னு கூப்பிட்டிருக்கறா, நான் போறேன். நாலு பத்துக்குக் கூப்பிட்டவளுக்கு, இருவத்திரண்டு நாளு கழிச்சு இப்பத்தானுங்க வந்துட்டு இருக்கறேன்.